இருபத்தைந்தில் ஒரு பங்கு: பழைய தீயணைப்பு வண்டியும் அதன் மாதிரியும்

தீயணைப்பு வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்களில் பெரும்பாலோர் பம்பின் கதையையும் அதை இழுத்துச் சென்ற குதிரையின் கதையையும் எழுதியதோடு நின்றுவிட்டனர். அந்த வண்டிகளைச் சிறிய உருவில் செய்து வைத்தவர்களின் உழைப்பைப் பிள்ளை விளையாட்டு என்றோ ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்றோ ஒதுக்கிவிட்டனர். அமெரிக்காவைப் பொறுத்தவரை இந்த ஒதுக்கல் பொருந்தாது. அங்கே மாதிரி என்பது முழு இயந்திரத்துக்கும் முன்னரே சட்டத்தின் கட்டாயத்தால் பிறந்தது. இயந்திரம் தெருவில் ஓடிய காலத்தில் வார்ப்பிரும்புப் பொம்மையாக வீட்டுத் திண்ணையில் ஓடியது. இயந்திரம் பழைய இரும்புக்குப் போன பிறகோ, பல ஊர்களின் வண்டிகளுக்கு எஞ்சியிருக்கும் ஒரே முழு உருவமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. இந்த மூன்று நிலைகளையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தால்தான், ஒரு பழைய தீயணைப்பு வண்டியின் மாதிரியைச் செய்ய முனைபவர் ஏன் பாதி நேரம் உளி பிடிப்பவராகவும் பாதி நேரம் ஆவணக் காப்பகத்தில் காத்திருப்பவராகவும் ஆகிவிடுகிறார் என்பது விளங்கும்.

‘அளவு மாதிரி’ என்ற சொல்லுக்குக் கைவினைஞர்களிடையே கண்டிப்பான பொருள் உண்டு. மூலப் பொருளின் ஒவ்வோர் அளவும், வண்டியின் நீளமானாலும் திருகாணியின் தலையானாலும், ஒரே எண்ணால் வகுக்கப்பட்டிருந்தால் மட்டுமே அது அளவு மாதிரி. ஆண்பால் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவத்தில் குழந்தை உருட்டும் சிறுதேரும், திருவிழாக் கடையில் விற்கும் சொப்புச் சாமானும் சிறியவைதான் என்றாலும், அவை பிள்ளையின் கைக்கு அடங்குமாறு செய்யப்பட்டவையே தவிர மூலத்தை வகுத்துப் பெறப்பட்டவை அல்ல. 20 அடி நீளமுள்ள வண்டி, அதாவது 6,096 மி.மீ. நீளமுள்ளது, 1:25 என்ற அளவில் 244 மி.மீ. ஆகும், 1:43 அளவில் 142 மி.மீ., 1:87 அளவில் 70 மி.மீ. இந்த விசித்திரமான எண்களை யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. 1:87 பொம்மை ரயில் தண்டவாளத்தோடு வந்தது. 1:43 என்பது ஓர் அடிக்கு 7 மி.மீ. என்ற பிரிட்டிஷ் ரயில் மாதிரிக்காரர்களின் கணக்கில் விளைந்தது. 1:25 என்பது அமெரிக்க மோட்டார் விற்பனையாளர்கள் வாடிக்கையாளர்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்த விளம்பரக் கார்களிலிருந்து பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளுக்குப் பரவியது.

அமெரிக்காவின் முதல் காப்புரிமைச் சட்டம் 1790-ல் இயற்றப்பட்டபோது, புதிய கருவியொன்றுக்குத் தனியுரிமை கேட்பவர் விளக்கத்தோடும் வரைபடத்தோடும், பொருளின் தன்மை இடங்கொடுக்குமானால், அதன் மாதிரியையும் தரவேண்டும் என்ற வழக்கம் தொடங்கியது. 1836-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைக் கட்டாயமாகவே வைத்தது. எந்தப் பக்கத்திலும் ஓர் அடிக்கு மேற்படாமல் மரத்திலும் பித்தளையிலும் செய்யப்பட்ட அந்தச் சிற்றுருவங்களில் கலப்பைகளும் தறிகளும் இருந்ததைப் போலவே தண்ணீர்ப் பம்புகளும் குழாய் இணைப்புகளும் தப்பிக்கும் ஏணிகளும் இருந்தன. 1836 டிசம்பர் 15 அதிகாலையில் வாஷிங்டனில் இருந்த காப்புரிமை அலுவலகம் தீப்பற்றி எரிந்து, ஏறத்தாழ 7,000 மாதிரிகள் அழிந்தன. அடுத்த கட்டடத்திலேயே ஒரு தீயணைப்புப் பம்பு நின்றிருந்தது. ஆனால் அதன் தோல்குழாய் நெடுநாள் பயன்படாமல் வெடித்துக் கிடந்ததால் அதைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. தீப்பிடிக்காது என்ற நம்பிக்கையோடு எழுப்பப்பட்ட புதிய கட்டடத்திலும் 1877 செப்டம்பர் 24 அன்று தீ புகுந்து, இம்முறை ஏறத்தாழ 87,000 மாதிரிகளைக் கொண்டுபோயிற்று. இடமும் போதாமல், காவலும் போதாமல், 1880-ல் மாதிரி கேட்கும் வழக்கம் பொதுவாகக் கைவிடப்பட்டது. எஞ்சியவற்றில் சில ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. மற்றவை 1920-களில் விற்கப்பட்டன.

காப்புரிமை மாதிரிகளைச் செய்தவர்கள் விகிதத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. புதுமை எந்த வால்வில் இருக்கிறதோ அந்த வால்வைப் பெரிதாகவும், மற்றவற்றைப் பெயருக்கும் செய்தனர். ஆயினும் ஓர் இயந்திரத்தின் சிற்றுருவம் சாட்சியாக நிற்க முடியும், வழக்கு வந்தால் அதைக் காட்டித் தீர்ப்புக் கேட்க முடியும் என்ற எண்ணம் அவர்களிடமிருந்தே தொடங்குகிறது. பிற்கால மாதிரிக்காரர்கள் அவர்களிடம் பெற்ற சொத்து இந்த எண்ணமே; கைத்திறன் அல்ல.

மூல வண்டிகளின் வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். லண்டனில் ரிச்சர்ட் நியூஷாம் 1720-களில் காப்புரிமை பெற்றுச் செய்த கைப்பம்புகளில் இரண்டை நியூயார்க் நகரம் 1731-ல் வரவழைத்தது. ஆட்கள் இருபுறமும் நின்று நெம்புகோலை ஏற்றி இறக்கத் தண்ணீர் பீறிடும் பெட்டி அது. ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டியில் லாட்டா சகோதரர்கள் செய்த நீராவிப் பம்பு 1853 தொடக்கத்தில் வெள்ளோட்டம் கண்டது. தமக்காக வாதாடிய நகர்மன்ற உறுப்பினரின் பெயரால் அதற்கு ‘ஜோ ராஸ் மாமா’ என்று பெயரிட்டனர். அதே ஆண்டு ஏப்ரலில் அந்நகரம், கூலியில்லாத் தொண்டர் குழுக்களைக் கைவிட்டுச் சம்பளம் பெறும் தீயணைப்புப் படையை அமைத்தது. குதிரைகளின் காலம் அதன்பின் எழுபது ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. நியூயார்க்கின் தீயணைப்புக் குதிரைகள் கடைசியாக ஓடியது 1922 டிசம்பரில்.

மாதிரி செய்பவருக்கு முதன்மையான உண்மை இந்த ஆண்டுக் கணக்கில் இல்லை. வண்டிகள் விற்கப்பட்ட முறையில் இருக்கிறது. ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் தன் டி மாடல் காரை ஒரே அச்சில் வார்த்ததைப் போல எந்தத் தீயணைப்பு வண்டியும் செய்யப்படவில்லை. ஊர் மன்றம் ஒப்பந்தப்புள்ளி கோரும். தீயணைப்புத் தலைவர் தன் ஊரின் தெரு அகலம், மேடு பள்ளம், கிணறோ குழாயோ என்ற நிலை, கடைசியாக எரிந்த கட்டடத்தில் தனக்கு எது இல்லாமல் போயிற்று என்ற நினைவு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பட்டியல் எழுதுவார். தொழிற்சாலை அந்தப் பட்டியலின்படி ஒரே ஒரு வண்டியைக் கட்டும். மணி வலப்புறமா இடப்புறமா, ஏணிகள் எத்தனை, சோடா உப்பும் கந்தக அமிலமும் கலந்து எழும் வாயுவின் அழுத்தத்தால் தண்ணீரைத் தள்ளும் ‘ரசாயனத் தொட்டி’ வேண்டுமா, ஊரின் பெயர் எந்த எழுத்து வடிவில் வேண்டும் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறுபட்டன. அடுத்தடுத்த மாதங்களில் அதே தொழிற்சாலையை விட்டு வெளியேறிய, அதே மாடல் எண் கொண்ட இரண்டு வண்டிகள் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்புவது மாதிரிக்காரர் செய்யக்கூடிய முதல் பிழை.

இந்த ஊர்வாரித் தன்மை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரில் மூண்ட பெருந்தீயே சான்று. முப்பது மணி நேரத்துக்கு மேல் எரிந்து 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்களை விழுங்கிய அந்தத் தீயை அணைக்க வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்ஃபியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் ரயிலேறி வண்டிகள் வந்தன; வந்த பல வண்டிகளின் குழாய் மரைகள் பால்டிமோரின் தெருக் குழாயில் பொருந்தவில்லை. நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்ட வகை இணைப்புகள் வழக்கில் இருந்தமை பின்னர் எண்ணிப் பார்த்தபோது தெரிந்தது. மறு ஆண்டே தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம், இரண்டரை அங்குலக் குழாய்க்கு அங்குலத்துக்கு ஏழரை மரை என்ற பொது அளவை ஏற்றுக்கொண்டது. ஊர்கள் அதைக் கடைப்பிடிக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. மரைக்கே இந்த நிலை என்றால், விளக்கும் மணியும் வண்ணமும் ஊருக்கு ஊர் மாறியதில் வியப்பில்லை.

மோட்டார் காலத்து அமெரிக்க வண்டிகளில் மாதிரிக்காரர்கள் மிகுதியாக நாடுவது சின்சினாட்டியின் ஆரன்ஸ்-ஃபாக்ஸ் வண்டியைத்தான். லாட்டா சகோதரர்களின் தொழில் கைமாறிக் கைமாறி 1868-ல் கிறிஸ் ஆரன்ஸிடம் வந்தது. அவருடைய குடும்பமும், தீயணைப்புப் படையில் பணியாற்றிய சார்லஸ் ஃபாக்ஸும் சேர்ந்து நடத்திய நிறுவனம் 1910-களின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிக்கு மாறியபோது, மற்றவர்கள் வண்டியின் நடுவில் ஒளித்து வைத்த பம்பை இவர்கள் ரேடியேட்டருக்கும் முன்னால், வண்டியின் மூக்கிலேயே பொருத்தினர். அமெரிக்கன் லாஃபிரான்ஸ் நிறுவனம் பல்சக்கரங்கள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் பம்பையும், சீகிரேவ் நிறுவனம் சுழல் விசைப் பம்பையும் கைக்கொண்ட காலத்தில், ஆரன்ஸ்-ஃபாக்ஸ் பழைய நீராவிப் பம்பின் பிஸ்டனை விடவில்லை. பிஸ்டன் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் தண்ணீர் விட்டுவிட்டுத் துடிக்கும். அந்தத் துடிப்பு குழாயைப் பிடித்திருப்பவரின் கையை உலுக்கும். அதைத் தணிப்பதற்காகப் பம்பின் தலையில் காற்று நிரம்பிய பெரிய உலோக உருண்டை ஒன்று வைக்கப்பட்டது. தண்ணீர் உந்தும்போது உள்ளிருக்கும் காற்று அமுங்கி, உந்தல் ஓயும்போது விரிந்து, ஓட்டத்தைச் சீராக்கியது. பளபளவென்று தேய்த்து வைக்கப்பட்ட அந்த உருண்டையில் தெருவே சிறுத்து வளைந்து தெரியும் என்பதால், ஊர்ப் பிள்ளைகளுக்கு வண்டி என்றால் அந்த உருண்டைதான். தொழில்நுட்ப நோக்கில் வென்றது சுழல் விசைப் பம்பே. நினைவில் வென்றது உருண்டை. 1950-களின் தொடக்கத்தோடு பிஸ்டன் பம்பு வண்டிகள் கட்டுவது நின்றுபோயிற்று.

பொம்மைத் தொழில் இந்தக் கவர்ச்சியை உடனுக்குடன் பிடித்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வார்ப்பிரும்பில் குதிரை பூட்டிய தீயணைப்பு வண்டிகள் வந்துவிட்டன. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் நகரில் 1894-ல் தொடங்கிய ஹப்லி நிறுவனம் 1930-களில் ஆரன்ஸ்-ஃபாக்ஸ் வண்டியையே பெயர் சொல்லி வார்த்து விற்றது. இல்லினாய் மாநிலத்தில் 1921 முதல் ‘படி எல்’ என்ற பெயரில் வந்த தகரப் பொம்மைகள் பிள்ளை ஏறி உட்காரும் அளவுக்குப் பெரியவை. பிரிட்டனில் மெக்கானோ நிறுவனத்தின் டிங்கி வண்டிகளும், 1953 முதல் தீப்பெட்டி அளவுப் பெட்டியில் வந்த மேட்ச்பாக்ஸ் வண்டிகளும் அதே வேலையைச் செய்தன. மேட்ச்பாக்ஸ் வரிசையின் அளவைத் தீர்மானித்தது அட்டைப் பெட்டிதான்: நீளமான ஏணி வண்டியும் சிறிய காரும் ஒரே பெட்டிக்குள் அடங்கவேண்டியிருந்ததால், ஒவ்வொன்றும் வெவ்வேறு எண்ணால் வகுக்கப்பட்டது. அவற்றை அளவு மாதிரி என்று அழைப்பது மரியாதைக்காகவே.

உண்மையான அளவு மாதிரிக் கலை இரண்டு வழிகளில் வளர்ந்தது. லேத்தும் கொதிகலனும் வைத்திருந்த பிரிட்டிஷ் மாதிரிப் பொறியாளர்கள், 1898-ல் தொடங்கிய ‘மாடல் இன்ஜினியர்’ இதழைச் சுற்றித் திரண்டு, நிஜமாகவே நீராவியில் இயங்கித் தண்ணீர் பீச்சும் சிற்றுருவங்களைச் செய்தனர். அமெரிக்காவில் 1950-களுக்குப் பின் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகள் பரவின. 1970-களில் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட 1:25 அளவு அமெரிக்கன் லாஃபிரான்ஸ் வண்டிகள், அதுவரை கார் மட்டுமே செய்துகொண்டிருந்த ஒரு தலைமுறையைத் தீயணைப்பு வண்டியின் பக்கம் திருப்பின. ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தது 1970-களின் வண்டி. 1920-களின் வண்டி வேண்டுமென்றால் ஒரு பெட்டியின் சக்கரத்தையும் மற்றொரு பெட்டியின் இன்ஜினையும் எடுத்து ஒட்டவேண்டும், அல்லது எல்லாவற்றையும் தகடாகவும் கம்பியாகவும் வாங்கி அடியிலிருந்து செய்யவேண்டும். இதற்கிடையே மூல வண்டிகளைக் காப்பாற்றும் இயக்கமும் எழுந்தது. பழைய மோட்டார் தீயணைப்பு வண்டிகளைப் பேணுவதற்கென 1958-ல் அமெரிக்காவில் ஒரு சங்கம் அமைந்ததும், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ‘ஹால் ஆஃப் ஃபிளேம்’ போன்ற அருங்காட்சியகங்கள் திறக்கப்பட்டதும், மாதிரிக்காரர் அளவெடுக்கச் செல்வதற்கு ஓர் இடத்தை உண்டாக்கித் தந்தன.

மாதிரி செய்வதன் முதல் படி, வண்டியையும் நாளையும் தேர்ந்தெடுப்பது. ‘1925 வாக்கில் ஓடிய பம்பு வண்டி’ என்பது மூலமாகாது. இன்ன ஊரின் இன்ன தொழிற்சாலை எண் கொண்ட வண்டி, இன்ன ஆண்டில் இருந்த நிலையில் என்று சொல்லவேண்டும். ஏனெனில் முப்பது ஆண்டு உழைத்த வண்டிக்கு முகம் ஒன்றல்ல. கெட்டி ரப்பர்ச் சக்கரம் கழற்றப்பட்டுக் காற்றடைத்த டயர் வந்திருக்கும். திறந்த முகப்பில் கண்ணாடி ஏறியிருக்கும். ரசாயனத் தொட்டி நீங்கிச் சாதாரண நீர்த்தொட்டி அமர்ந்திருக்கும். நாளைத் தீர்மானிக்காமல் செய்தால், எந்த ஒரு நாளிலும் இவ்வுலகில் இல்லாத வண்டி ஒன்று உருவாகிவிடும்.

அடுத்தது சான்று தேடுவது. வண்டியை அனுப்புவதற்கு முன் தொழிற்சாலை வாசலில் பக்கவாட்டில் நிறுத்திப் புகைப்படம் எடுத்துவைப்பது பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். பின்னணியை வெள்ளை மையால் அழித்துவிட்டு விளம்பரப் பட்டியலில் அச்சிடுவார்கள். அந்தப் படமும் ஊர் மன்றத்தின் ஒப்பந்தத் தாளும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் இயங்கிய டென்னிஸ் நிறுவனத்தின் ஆவணங்கள் சரே மாவட்ட வரலாற்று மையத்தில் பாதுகாக்கப்பட்டிருப்பதால் டென்னிஸ் வண்டியைச் செய்பவர் கொடுத்துவைத்தவர். மூடப்பட்ட சிறு தொழிற்சாலைகள் பலவற்றின் தாள்கள் தொழிற்சாலையோடு போயின. தாள் இல்லாத இடத்தில் படத்திலிருந்தே அளவைப் பிழிந்தெடுக்கவேண்டும். டயரின் விலாவில் அதன் அளவு எழுதப்பட்டிருக்கும். 38 அங்குல விட்டமுள்ள சக்கரம் படத்தில் 19 மி.மீ. இருந்தால், படத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் இரண்டு அங்குலம் என்று கொண்டு, அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் பலகையின் உயரத்தையும் கணக்கிடலாம். இந்தக் கணக்கு சக்கரத்தின் அதே தளத்தில் உள்ள உறுப்புகளுக்கு மட்டுமே செல்லும். கேமராவிலிருந்து விலகி வண்டியின் நடுக்கோட்டில் இருக்கும் பம்பும் இருக்கையும் படத்தில் சற்றுச் சிறுத்தே விழும். இதை மறந்தவர்களின் மாதிரிகளில் முன்பக்கம் கூனிக்குறுகி நிற்பதைக் காணலாம்.

இரண்டரை அங்குலம் என்பது 63.5 மி.மீ.; அதை 25-ஆல் வகுத்தால் 2.54 மி.மீ. குழாய் இணைப்பு ஒன்றை இந்த அளவில் பித்தளைக் கம்பியிலிருந்து கடைந்தெடுப்பது நல்ல லேத்தில் எளிது. இடர் தருவது தடிப்பு. நிஜ வண்டியின் சக்கர மூடி ஒரு மி.மீ. தடிப்புள்ள தகடு என்றால், மாதிரியில் அது 0.04 மி.மீ. ஆகவேண்டும், அவ்வளவு மெல்லிய தகடு விரல் பட்டாலே நசுங்கும். எனவே தேர்ந்த கைகள் உள்ளே தடித்த ஸ்டைரீன் பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு, கண்ணில் படும் ஓரத்தை மட்டும் அரம் கொண்டு கத்தி முனைபோல் இழைத்துவிடுகின்றன. வண்ணத்துக்கும் இதே தொல்லை: பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் பூசப்பட்ட பூச்சு, 1:25 கணக்கில் நிஜ வண்டியின்மேல் இரண்டரை மி.மீ. தடிப்புக்குக் களிமண் அப்பியதற்குச் சமம். ஆணித்தலைகள் அதில் மூழ்கிப்போகும்.

மரச் சக்கரம் தமிழ் வாசகருக்கு அந்நியமானதல்ல. நடுவில் குடம், அதில் செருகிய ஆரக்கால்கள், அவற்றின் முனையில் வட்டை, அதன்மேல் பட்டா என்ற மாட்டுவண்டியின் அமைப்பே முதல் மோட்டார் தீயணைப்பு வண்டிகளிலும் இருந்தது. பட்டாவின் மேல் ரப்பர் ஏறியது ஒன்றே மாற்றம். ஆரக்கால்களை ஒவ்வொன்றாகச் சீவிச் செருகுவோரும் உண்டு. ஒன்றை மட்டும் குறையின்றிச் செய்து, அதைச் சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, பிசின் ஊற்றி நான்காக வார்த்துக்கொள்வோரும் உண்டு. பித்தளை உறுப்புகளை மெழுகில் செதுக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் முறை, சுவாமிமலைச் சிற்பிகள் செப்புத் திருமேனிக்குக் கையாளும் மெழுகு வார்ப்பின் அதே தத்துவம்தான். அண்மைக் காலத்தில் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுப்பது பெருகிவிட்டது. 0.05 மி.மீ. படலங்களாக அடுக்கும் அந்த இயந்திரத்தின் வரிகள் நிஜ அளவில் ஒன்றேகால் மி.மீ. படிக்கட்டுகளாகும், அவற்றை உப்புத்தாள் கொண்டு தேய்த்து நீக்குவதற்குச் செலவாகும் பொழுதைக் கணக்கிட்டால், கையால் செய்வது அப்படியொன்றும் மெதுவானதல்ல.

ஏணியில் தொடங்கி உருண்டையில் முடிவது மாதிரிக்காரர்கள் பலரின் வேலை வரிசை. ஏணியின் இரு கால்களையும் இழைத்து, பழுக்கள் செருகும் துளைகளை ஒரே பலகையை வழிகாட்டியாக வைத்துத் துளைத்தால்தான் பழுக்கள் ஒரே மட்டத்தில் நிற்கும். பருத்தி உறை போர்த்திய ரப்பர்க் குழாயைக் காட்டத் தட்டையான பருத்தி நாடாவே ஏற்றது. ஆனால் புது நாடாவின் வெண்மை கண்ணைக் குத்தும் என்பதால் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, காய்ந்தபின் முன்னும் பின்னுமாக மடித்து வண்டியின் குழாய்த் தட்டில் அடுக்குகின்றனர். உருண்டைக்கு எஃகு பேரிங் குண்டு ஒன்றை எடுத்து ஒட்டிவிடலாமே என்றே எவருக்கும் முதலில் தோன்றும். பதமேற்றிய எஃகு சாதாரணத் துளைப்பானுக்கு இடங்கொடாது. அடிக்குழாயும் வளையமும் பொருத்த வழியில்லாமல் அது பம்பின்மேல் வைத்த கோலிக்குண்டாகவே காட்சியளிக்கும். பித்தளைத் தண்டை லேத்தில் ஏற்றி, தகட்டில் வெட்டிய அரைவட்ட வார்ப்புருவை அடிக்கடி வைத்துப் பார்த்துக் கடைந்து, கழுத்தோடு சேர்ந்த ஒரே துண்டாக எடுத்து, பின்னர் முலாம் பூசுவதே சரியான வழி. அந்த முலாம் எது என்பதிலும் தேர்வு உண்டு: குரோமிய முலாம் வாணிப அளவில் பரவியது 1920-களின் நடுப்பகுதிக்குப் பிறகே, அதற்கு முந்தைய வண்டியில் இருந்தது நிக்கல், அதன் பளபளப்பு லேசான மஞ்சள் சாயல் கொண்டது. 1915-ஆம் ஆண்டு வண்டிக்கு நீலச் சாயலுள்ள குரோமியத்தைப் பூசிய மாதிரி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பொய் சொல்கிறது. அருங்காட்சியகத்து மூல வண்டியிலேயே புதுப்பித்தவர் குரோமியம் பூசியிருப்பது உண்டு. கண்முன் நிற்கும் வண்டிக்கும் தொழிற்சாலைப் படத்துக்கும் முரண்பாடு வந்தால், படத்தை நம்புவதே முறை.

வண்ணம் எப்போதும் சிவப்பு என்பதும் பிழை. சிகாகோவின் வண்டிகள் மேற்பகுதி கறுப்பும் கீழே சிவப்புமாக இருப்பது அந்நகரின் நெடுநாள் மரபு. வெள்ளை வண்டி வைத்திருந்த ஊர்களும் உண்டு. சிவப்பின்மேல் ஓடும் தங்கக் கோடுகளும் சுருள் பூவேலையும் தங்க ரேக்கால் இழைக்கப்பட்டவை. சிறு மாதிரியில் கோடுகளை, நீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் அச்சுப் படலமாகச் செய்துகொள்வது வழக்கம். ஆனால் தங்க மையில் கலந்துள்ள உலோகத் துகள்கள் மாதிரியின் அளவுக்குச் சுருங்குவதில்லை என்பதால் அவை மணல்போல் மின்னும். ஆகவே நுட்பம் தேடுவோர் உண்மைத் தங்க ரேக்கையே நாடுகின்றனர். முழு வண்டியிலும் மாதிரியிலும் வகுக்கப்படாமல் அதே தடிப்பில் பயன்படும் பொருள் அநேகமாக அது ஒன்றே. மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிப்புள்ள அதை எந்த எண்ணாலும் வகுக்கத் தேவையிருப்பதில்லை.

இந்தியாவில் இத்தகைய மாதிரிக்கு மூலம் இல்லாமல் இல்லை. நிஜாமின் ரயில்வே 1914-ல் வரவழைத்த, சால்ஃபோர்டின் ஜான் மாரிஸ் நிறுவனம் கட்டிய தீயணைப்பு வண்டி, இன்றும் புதுடெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வகையில் உலகில் எஞ்சியவை மிகச் சிலவே. தமிழகத்திலோ, சென்னைத் தீயணைப்புப் படை 1908-ல் தொடங்கியது முதல் எத்தனையோ வண்டிகள் வந்து உழைத்துப் போயின. அசோக் லேலண்ட், டாடா அடிச்சட்டங்களின்மேல் வெவ்வேறு பட்டறைகளில் உடல் கட்டப்பட்டதால், அவையும் சின்சினாட்டி வண்டிகளைப் போலவே ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. ‘கண்டம்’ என்று எழுதப்பட்டு ஏலத்துக்குக் காத்திருக்கும் பழைய வண்டி ஏதேனும் ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் மூலையில் கண்ணில் பட்டால், நிலைய அலுவலரிடம் அனுமதி பெற்று, நான்கு பக்கமும் நேராக நின்று படம் எடுத்து, டயரின் அளவையும் அச்சுகளின் இடைவெளியையும் நாடா வைத்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏலம் முடிந்த மறுநாள் அங்கே அளப்பதற்கு ஒன்றும் இருக்காது.